நம்ம வூட்டுப் படம்

திருவொற்றியூர் குப்பத்தில் கடலுக்குப் போகாத ஆண்பிள்ளைகள் இப்போது ஏராளம். ஒருவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், ஒருவன் மணலியில் கம்பெனி பஸ் ஓட்டுகிறான், ஒருவன் போலீஸ். ஏன் கடலுக்குப் போகவில்லை என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. திலீப்பை மட்டும் கேட்பார்கள், கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பதினாறு வயதில் அண்ணன் திருமலையின் பைபர் படகில் மூன்று தடவை ஏறி, மூன்று தடவையும் குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தவன் அவன். மூன்றாம் தடவை இவனுக்காகவே படகைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அது நடந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கரையில் மீன் விற்கும் பெண்கள் இன்னமும் அவனைக் கண்டால், "இன்னா நைனா, எலுமிச்சம்பழம் வோணுமா?" என்கிறார்கள்.

கடல் கைவிட்ட பையன் கம்ப்யூட்டர் படித்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் சிஸ்டம் பார்க்கும் வேலை. பிரின்டர் நின்றால் தட்டி எழுப்புவது, கேமரா மறைந்தால் ஏணி வைத்து ஏறித் துடைப்பது. வீட்டிலும் அதே உத்தியோகம்தான். டிவி ரிமோட் வேலை செய்யவில்லையா, திலீப். கேஸ் புக்கிங் போகவில்லையா, திலீப். அண்ணன் கொண்டுவரும் மீனைத்தான் வீடு முழுக்கச் சாப்பிடுகிறது, தான் என்ன கொண்டுவந்தோம் என்ற ஒரு குறுகுறுப்பு அவனுக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் ஒரு நாள் திருமலையின் போன் கடலில் விழுந்தபோது, எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார, திலீப்புக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் போனோடு போனவை: எண்ணூர் குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை பவானியின் மகள் அம்முவுக்குக் காது குத்திய படங்கள், இறந்துபோன அப்பா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே கையை ஆட்டுகிற படம், இன்னும் ஏதேதோ. அம்மா பூவம்மா மூன்று நாள் அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். "எங்கியாவது நெட்டு கம்பெனில ஏத்தி வெச்சுக்கலாம்லடா?" என்று அண்ணி மங்கை கேட்டபோது திலீப் பெரிய மனுஷன் தோரணையில் தலையை ஆட்டி மறுத்தான்.

"வாணாம் அண்ணி. கம்பெனிக்காரன் கைல குடுத்தா அவன் எல்லாத்தையும் பாப்பான். நம்ம வூட்டுப் படம் நம்ம வூட்லயே இருக்கணும். நான் பண்ணித் தரேன்."

பண்ணித் தந்தான். யார்டில் கழித்துப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, மழைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் பரண்மேல் ஏற்றினான். அப்புறம்தான் வந்தது மென்பொருள் தேர்ந்தெடுக்கும் படலம். இந்த மாதிரி சொந்த வீட்டிலேயே வைத்துக்கொள்கிற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒன்றா இரண்டா. பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். பெண் பார்க்கப் போகும்போதுகூட திலீப் இவ்வளவு யோசித்ததில்லை. ஆபீஸ் தாளில் கட்டம் போட்டு, டிக் போட்டு, அடித்து, மறுபடி டிக் போட்டான்.

முதலாவது எல்லாம் செய்யும். படம் வைக்கும், பாட்டு வைக்கும், காலண்டர் வைக்கும்; அந்தச் சுமை தாங்காமல் பழைய கம்ப்யூட்டர் வெயிலில் ஓடிவந்த நாய்போல மூச்சு வாங்கியது. இரண்டாவது படத்தை அழகாகக் காட்டும், ஆனால் போனிலிருந்து தானாக வாங்கிக்கொள்ளாது, அதற்கு வேறொரு செயலி வேண்டும். பூவம்மாவை இரண்டு செயலி திறக்கச் சொல்வதைவிட அவளைச் சைக்கிள் ஓட்டச் சொல்வது சுலபம். மூன்றாவதுதான் மனசுக்குப் பிடித்தது. போன் வீட்டுக்குள் வந்து வைஃபையைத் தொட்டதும் புதுப் படங்களைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும். முகம் பார்த்துப் பிரித்து வைக்கும். ஒன்றன்பின் ஒன்றாக டிவியிலும் ஓடவிடலாம்.

அந்த மூன்றாவதற்கு ஒரு முறை இருந்தது. ஆளுக்கொரு கணக்கு. அவரவர் படம் அவரவர் கணக்கில்; எதை யாருக்குக் காட்ட வேண்டுமோ அதை மட்டும் எடுத்துப் பொது ஆல்பத்தில் போட வேண்டும். அதைச் செய்ய ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, இதைக் காட்டலாமா அதைக் காட்டலாமா என்று கேட்க வேண்டும். திலீப்புக்கு அதற்குப் பொறுமையில்லை. பொங்கலன்று எல்லோரும் கூடியிருக்கும்போது டிவியைப் போட்டதும் மொத்தக் குடும்பமும் அருவிபோலக் கொட்ட வேண்டும், எல்லோரும் வாயைப் பிளக்க வேண்டும், அதுதான் அவன் ஆசை. ஒரே கணக்கைத் தொடங்கி அம்மா, அண்ணன், அண்ணி, பவானி, அவள் புருஷன் வெற்றி எல்லோர் போனிலும் அதையே போட்டான். பவானி எண்ணூரில் இருந்துகொண்டே தன் வீட்டு டிவியில் பார்க்கவும் வழி செய்தான்.

திருமலை போனைக் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"இத யாருடா பாப்பாங்க?"

"நம்ம வூட்டாளுங்கதாண்ணா. வெளியாளு ஒருத்தன் பாக்க முடியாது."

திருமலை தம்பியை நம்பிப் போனை நீட்டினான். பொங்கலன்று அருவி கொட்டியது, எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அம்மு டிவிக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். வெற்றி திலீப்பின் தோளில் தட்டி, "மச்சான், நீ பெரிய ஆளு" என்றான். பதினெட்டு வருஷத்தில் எலுமிச்சம்பழம் பற்றிப் பேச்சே வராத முதல் பண்டிகை அது. பூவம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "எல்லார் எடுத்ததும் வருது. நீ எடுத்தது ஒண்ணும் வர்லியே நைனா?" என்று கேட்டாள். "நான் எங்கம்மா படம் எடுக்கறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

இப்போது திருமலையின் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கரையிலிருந்து வெகுதூரத்தில் முழுகிப்போன ஒரு பார்ஜ், சரக்கு ஏற்றும் இரும்புப் படகு, கிடக்கிறது. போன வருஷம் தூண்டில் மாட்டிக்கொண்டதில் தற்செயலாகக் கண்டுபிடித்த இடம். அந்த இரும்புக்குள் சங்கரா மீன் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தது. இப்படி ஓர் இடம் கிடைத்தால் மீனவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டான். நேராகப் போக மாட்டான், சுற்றிப் போவான். தூரத்தில் வேறு படகு தெரிந்தால் சும்மா நின்று பீடி பிடிப்பான். திருமலையின் பழைய ஜிபிஎஸ் ஒரு முறை தண்ணீர் புகுந்து செத்து, அதிலிருந்த நாற்பது இடங்களும் போய்விட்டன. அன்றிலிருந்து அவன் ஒரு பழக்கம் வைத்திருந்தான். மீன் பட்டதும் ஜிபிஎஸ் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்வான். கரைக்கு வருமுன் ஜிபிஎஸ்ஸில் இருப்பதை அழித்துவிடுவான், கட்டிக் கிடக்கிற படகில் எவன் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாமே. இடம் அவன் போனில் மட்டும் இருக்கும். அவனையும் அந்தப் போனையும் தவிர அந்த இடம் தெரிந்தவர் படகில் கூட வரும் தேசப்பன் ஒருவர்தான். அப்பா காலத்திலிருந்து அதே குடும்பத்தோடு கடலுக்குப் போகிறவர், ஐம்பத்தைந்து வயசு.

திருமலையின் இந்தப் பழக்கம் திலீப்புக்குத் தெரியும். அதே வீட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? மச்சான் வெற்றி ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவான், ஆனால் அவன் வேறு படகு, அவனிடம் இடம் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். போன்களையெல்லாம் ஒன்றாகக் கட்டியபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். கடலுக்குப் போகிறவனாக இருந்திருந்தால் அதுதான் முதலில் வந்திருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை திருமலையும் தேசப்பனும் பார்ஜ் கிடக்கிற இடத்துக்குப் போனபோது அங்கே ஐந்து எண்ணூர்ப் படகுகள் நின்றன. ஒன்று வெற்றியுடையது. அவர்கள் தூண்டில் போடவில்லை, பேராசையில் வலை போட்டிருந்தார்கள். வலை இரும்பில் சிக்கி, கிழிந்து, அந்த இடத்தையே மூடிக்கொண்டது. இனி அங்கே தூண்டில் இறக்கினால் வலையில்தான் மாட்டும். திருமலை படகைத் திருப்பினான். கரையில் இறங்கியதும் தேசப்பன் பக்கம் திரும்பினான். தேசப்பனின் மகளையும் எண்ணூர் குப்பத்தில்தான் கொடுத்திருந்தது. அது போதாதா?

"எங்கப்பன் சோத்த துன்னுட்டு மருமவன்கிட்ட எடத்த சொல்லிட்டியே மாமா. நாளிலேந்து வராத."

"நான் சொல்லல நைனா."

"அப்போ கற்பூரத்த அணைச்சுச் சொல்லு."

குப்பத்தில் அதற்குமேல் கேள்வி கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், அம்மன் கோயில் வாசலில், எல்லோர் முன்னாலும் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். திருடனைக் கேட்கிற சத்தியம் அது. தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் திலீப் வேலையிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பூவம்மா டிவியில் படங்களை ஓடவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்முவின் கேக் வந்தது. மங்கையின் புதுப் புடவை வந்தது. அடுத்து, டிவி நிறைய, ஜிபிஎஸ் திரை வந்தது. நம்பர்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு.

"பெரியவன் எடுக்கறதுதான். எப்போ பாத்தாலும் இந்த நம்பரு வருது, ஒரு எழவும் புரியல" என்றாள் அம்மா.

டீயை அப்படியே வைத்துவிட்டு, திலீப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பவானியைக் கூப்பிட்டான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, வெற்றி டிவியில் படம் பார்ப்பாரா என்று கேட்டான்.

"அவருதாண்ணா ஜாஸ்தி பாக்கறாரு. போன வாரம் ஒரு நம்பர் படம் வந்துச்சு, டிவிய நிறுத்திட்டு எழுதிக்கினாரு. ஏன்ணா, இன்னா ஆச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டான். அப்போதே அண்ணனிடம் போயிருக்க வேண்டும். வீட்டுக்கும் படகு கட்டுகிற இடத்துக்கும் இருநூறு அடிகூட இருக்காது. திலீப் போன இடம் பரண். கம்ப்யூட்டரைத் திறந்து ஜிபிஎஸ் படங்களையெல்லாம் தேடித் தேடி அழித்தான். யார் எப்போது எதைப் பார்த்தார்கள் என்ற பதிவையும் அழித்தான். பிறகு ஆளுக்கொரு கணக்கு தொடங்கி, அவரவர் படத்தை அவரவரிடம் பிரித்து வைத்தான். பொங்கலுக்கு முன் செய்யப் பொறுமையில்லாத அந்த வேலை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. இறங்கி வந்து கை கழுவினான். தான் தடயத்தை அழிக்கிற ஆள் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கக் கூசியது.

வியாழக்கிழமை தேசப்பன் வீட்டுக்கே வந்தார். திலீப்புக்கு உயிர் போய்விட்டது. அவர் எதையும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கீறல் விழுந்த போனை எடுத்து நீட்டினார்.

"நாளிக்கு அப்பால பழவேற்காடு பக்கம் பூடுவேன் நைனா, சொந்தக்காரங்க படகு கீது. இதுல பொண்ணு கல்யாணப் படம் கீது. தண்ணில வுட்டுட்டா போச்சு. உன் பொட்டில வெச்சுக் குடேன்."

"பழவேற்காடு எதுக்கு மாமா? நாளிக்குச் சத்தியம் பண்ணிட்டா அண்ணன் நம்பிடுமே."

"அது நம்பும். அந்தப் படகுல எனக்குத்தான் இனிமே ஒக்கார முடியாது" என்றார் தேசப்பன்.

திலீப் அவருக்குத் தனிக் கணக்கு தொடங்கினான். பாஸ்வேர்டை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னான், வேறு யாரும் பார்க்க முடியாது என்று இரண்டு தடவை காட்டினான். முன்னூற்றுப் பன்னிரண்டு படங்கள் ஏறி முடிய இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் சொல்லிவிடு சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அவன் ஏறுகிற படங்களை எண்ணிக்கொண்டிருந்தான். "படிச்ச புள்ள, நல்லாரு" என்று தலையைத் தொட்டுவிட்டு அவர் போனார்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கூட்டம். திலீப் பின்வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றான். பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றி முன்னால் வைத்தார். கொளுத்துவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று வந்தவன், கொளுத்தியதும் சொல்லலாம் என்று நின்றான். தேசப்பன் கையை உயர்த்தியபோது வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அவர் அவசரப்படவில்லை. உள்ளங்கையைத் தீயின்மேல் வைத்து, அது அடங்கும்வரை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார். "நான் சொல்லல தாயே" என்றார். பிறகு புகைதான் இருந்தது.

"அண்ணா, மாமா சொல்லல. நான்தான்" என்று திலீப் கத்தியது அதற்கு அப்புறம்தான்.

ஒருவன் சிரித்தான். "நீ எங்கடா கடலுக்குப் போன, எடம் சொல்ல?" கூட்டத்தில் நாலைந்து பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். திருமலை மட்டும் சிரிக்கவில்லை. திலீப் முன்னால் வந்து, போன் எப்படிப் படத்தை ஏற்றுகிறது, ஒரே கணக்கில் எல்லோரையும் எப்படிக் கட்டினான், டிவியில் என்ன ஓடியது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னான். புதன்கிழமையே தெரியும் என்பதையும், அழித்துவிட்டதையும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் தேசப்பன் பக்கம் பார்க்கவில்லை.

"அப்போ என் போன்ல எடுத்ததெல்லாம் வெற்றி வூட்டு டிவில ஓடிகினு இருந்துச்சு" என்றான் திருமலை, மெதுவாக.

"ஆமாண்ணா."

"உன் போன்ல எடுத்தது?"

திலீப் சட்டைப் பையிலிருந்த போனைக் கையால் மூடிக்கொண்டான்.

"அம்மா கேட்டுச்சே பொங்கலன்னிக்கு. நீ எடுத்தது ஒண்ணும் வர்லன்னு."

"என்னுது வேற கணக்குண்ணா. தனியா."

"தனியா வெக்க முடியும்."

"முடியும்."

"உன்னுதுல அப்படி இன்னாடா கீது, ஊர் பாக்கக் கூடாதது?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அவன் உச்சந்தலையில் முடி கொட்ட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஏதோ எண்ணெய் வாங்கித் தேய்த்துக்கொண்டு, முளைக்கிறதா என்று மாதா மாதம் கையைத் தலைக்குமேல் தூக்கி வழுக்கையைப் படம் எடுத்து வைத்திருந்தான். அதை யாராவது பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்றுதான் தனக்கு மட்டும் தனிக் கணக்கு.

"மண்ட படம்ணா. முடி கொட்டுதுன்னு எடுத்தது" என்றான்.

பதினெட்டு வருஷமாக அவனைக் கண்டாலே சிரிக்கிற கூட்டம் அது. இதைக் கேட்டு ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

திருமலை அவனை அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. தேசப்பன் முன்னால் போய் நின்று காலைத் தொடக் குனிந்தான். அவர் தடுத்துத் தூக்கினார். பிறகு திலீப்பைப் பார்த்து, "கொளுத்தறதுக்கு முன்னாடி சொல்லிருக்கலாமே நைனா" என்றார், கோபமே இல்லாமல்.

சனிக்கிழமை காலை தேசப்பன் மறுபடி வீட்டுக்கு வந்தார். பழவேற்காடு போகவில்லை, திங்கட்கிழமை திருமலையோடு கடலுக்குப் போவதாக ஒத்துக்கொண்டிருந்தார். திலீப் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"அந்தப் படத்தலாம் உன் பொட்டிலேந்து எடுத்துடு நைனா."

"மாமா, அது உங்க கணக்குல பத்திரமா கீது. என்னாலகூடப் பாக்க முடியாத மாதிரி வெச்சிருக்கேன். போன் தண்ணில வுழுந்தா வேற காப்பி கெடையாது மாமா."

"வுழுந்தா வுழட்டும். உம்மேல கோவம்லாம் இல்ல. பயமா கீது, அவ்ளோதான்."

தேசப்பன் பாஸ்வேர்டைச் சொல்ல, திலீப் கணக்கைத் திறந்தான். முன்னூற்றுப் பன்னிரண்டு படங்களையும் தேர்ந்தெடுத்தான். மணக்கோலத்தில் அவர் மகள், பந்தியில் திருமலை, ஓரமாக எச்சில் இலை எடுத்துக்கொண்டு நிற்கிற தேசப்பன். நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்டது. அவன் விரல் அங்கேயே நின்றது. தேசப்பன் ஒரு கணம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே குனிந்து கையை நீட்டினார். உள்ளங்கை நடுவில் கொப்புளம் பெரிதாக எழும்பியிருந்தது. விரலை மடக்க முடியாமல், ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, ஆம் என்று எழுதியிருந்த இடத்தை அழுத்தினார்.